எலும்புக் குவியலின் மேல் ஓர் அரசி

கனடாவின் சஸ்கச்சுவான் மாகாணத்தில், சாஸ்கட்டூன் நகரிலிருந்து தெற்கே ரிஜைனாவுக்குப் போகும் 11ஆம் எண் நெடுஞ்சாலைக்கு 2001இல் ‘லூயி ரியேல் பாதை’ என்று பெயர் சூட்டினார்கள். ராஜத்துரோகக் குற்றத்துக்காக ரியேலைத் தூக்கில் போட்ட ஊருக்குத்தான் அந்தச் சாலை போய்ச் சேருகிறது. வழி நெடுகப் பச்சைப் பலகைகளில் அவர் பெயரைப் படித்துக்கொண்டே 260 கிலோமீட்டர் போக வேண்டும்.

“மூணு மணி நேரத்துல போயிடலாம்ணா. ஆனா அங்க பார்க்க என்னண்ணா இருக்கு?” என்றார் வண்டி ஓட்டிய தம்பி. அவர் சாஸ்கட்டூன்வாசி. அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் ரிஜைனாவைப் பற்றி இதே கேள்விதான் பதிலாக வரும். 1905இல் மாகாணம் பிறந்தது. மறு ஆண்டு தலைநகர் என்ற பட்டம் ரிஜைனாவுக்குப் போனது. பல்கலைக்கழகத்துக்கு நடந்த போட்டியில் 1909இல் சாஸ்கட்டூன் ஜெயித்தது. அன்றைக்குத் தொடங்கிய பங்காளிச் சண்டை இன்னும் ஓயவில்லை. 2021 கணக்கெடுப்பில் சாஸ்கட்டூனில் 2,66,141 பேர், ரிஜைனாவில் 2,26,404 பேர். தலைநகர்தான் சின்ன ஊர். இதைத் தம்பி எனக்கு இரண்டு முறை சொன்னார்.

செப்டம்பர் கடைசி. கோதுமை அறுத்து முடிந்த தாள்கள் இருபுறமும் கண்ணுக்கு எட்டிய மட்டும் மஞ்சளாகக் கிடந்தன. மேடு இல்லை, பள்ளம் இல்லை, மரம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. லம்ஸ்டன் என்ற சிற்றூரில் மட்டும் நிலம் திடீரென்று உள்வாங்கிக் கப்பெல் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்குகிறது. மறுகரையில் ஏறினால் மறுபடியும் அதே தட்டை. அந்தத் தட்டையின் விளிம்பில் சில உயரக் கட்டடங்கள் எழுகின்றன. ஆறு கடல் மலை எதுவுமே இல்லாத இந்த இடத்தில் ஒரு தலைநகரை யார் வைத்தார்கள் என்ற கேள்வி அங்கேயே எழுந்துவிட்டது.

அதற்கு முன் பெயரை முடித்துவிடுகிறேன். நம் ஊர்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் ரெஜினா என்ற பெண்கள் நிறைய உண்டு. லத்தீனில் அரசி என்று பொருள். மாதாவைக் குறிக்கும் பெயர். எழுத்து அதேதான், ஆனால் இந்த ஊரை ரெஜினா என்று சொன்னால் சிரித்துக்கொண்டே திருத்துவார்கள். ரிஜைனா என்பதுதான் அங்கே சரியான உச்சரிப்பு. அப்படி உச்சரிக்கும்போது ஆங்கிலத்தில் பெண்ணுறுப்பைக் குறிக்கும் சொல்லோடு எதுகை சேர்ந்துவிடுவதால், கனடாவின் மற்ற ஊர்க்காரர்கள் இதை வைத்துப் பல தலைமுறைகளாகக் கேலி செய்து வருகிறார்கள். 2023இல் நகரின் சுற்றுலா அமைப்பே தன் பெயரை மாற்றிக்கொண்டு, அந்தக் கேலியைத் தொட்டுச் செல்லும் வாசகங்களோடு விளம்பரத்தில் இறங்கியது. ஊரே கொதித்தது. சில நாட்களில் மன்னிப்புக் கேட்டு, பிறகு பழைய பெயருக்கே திரும்பினார்கள். அரசியின் பெயரை வைத்தவர்கள் எதை எதிர்பார்த்திருப்பார்களோ, நிச்சயமாக இதை அல்ல.

பெயர் வைத்தது இளவரசி லூயிஸ். விக்டோரியா மகாராணியின் மகள்; அப்போது கனடாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த லார்ன் பிரபுவின் மனைவி. 1882இல் தாயைக் கௌரவிக்க இந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தார். பக்கத்து மாகாணமான ஆல்பர்ட்டாவுக்கும், ராக்கி மலையில் சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் லூயிஸ் ஏரிக்கும் இவருடைய பெயர்தான். ரிஜைனா நடு ஊரில் விக்டோரியா அவென்யூவும் ஆல்பர்ட் தெருவும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. மகாராணியும் அவர் கணவரும் நாற்சந்தியில் சிவப்பு விளக்குக்கு நிற்கிறார்கள் என்று தம்பி சொன்னார்.

அரசி வருவதற்கு முன் இந்த இடத்துக்கு வேறு பெயர் இருந்தது. கிரீ மொழியில் ‘ஒஸ்கானா கா அசஸ்தேகி’: எலும்புகள் குவித்து வைக்கப்பட்ட இடம். அந்த எலும்புகள் காட்டெருமைகளுடையவை. இந்தச் சமவெளியில் லட்சக்கணக்கில் திரிந்த மந்தைகளை வேட்டையாடிய மக்கள், இங்கிருந்த ஓடைக்கரையில் இறைச்சியைப் பதப்படுத்தித் தோலை உரித்தார்கள். எலும்புகளை வீசியெறியாமல் ஓரிடத்தில் அடுக்கினார்கள். தம் இனத்தின் எலும்பு இருக்கும் இடத்தை விட்டு எருமை போகாது என்பது அவர்கள் நம்பிக்கை என்று சொல்லப்படுகிறது. ஆள் உயரத்துக்குக் குவியல்கள் நின்றதாகப் பழைய குறிப்புகள் கூறுகின்றன. ஆங்கிலேயர்கள் கிரீப் பெயரை அப்படியே மொழிபெயர்த்து ‘எலும்புக் குவியல்’ என்றே முதலில் அழைத்தார்கள்.

1874இல் இந்தப் பகுதியின் பழங்குடிகளோடு அரசு நான்காம் உடன்படிக்கையைக் கையெழுத்திட்டது. அதற்கடுத்த சில ஆண்டுகளுக்குள் எருமை மந்தைகள் கனடியச் சமவெளியிலிருந்து ஏறக்குறைய மறைந்தே போயின. பஞ்சம் வந்தது. பிறகு ரயில் வந்தது. குடியேறிகளும், பழங்குடித் தாய்க்கும் ஐரோப்பியத் தந்தைக்கும் வழிவந்த மேட்டி மக்களும் சமவெளியில் சிதறிக் கிடந்த எலும்பைப் பொறுக்கி ரயில் நிலையத்தில் விற்றார்கள். அமெரிக்காவுக்குப் போன அந்த எலும்பு, உரமாகவும் சர்க்கரையை வெளுக்கும் கரியாகவும் ஆனது. கோதுமை விளைவதற்கு முன் இந்த மண்ணில் காசு கொடுத்த முதல் அறுவடை அதுதான்.

இப்போது, இங்கே தலைநகரை யார் வைத்தார்கள் என்ற கேள்விக்கு வரலாம். மாகாணம் பிறக்கும் முன் இந்தப் பகுதி அடங்கியிருந்த வடமேற்குப் பிரதேசத்தின் தலைநகராக முன்பு இருந்தது வடக்கே பேட்டில்ஃபோர்டு. ரயில் பாதையைத் தெற்கே கொண்டுபோக கனடியன் பசிபிக் கம்பெனி முடிவு செய்ததும் தலைநகரும் பாதையோடு வர வேண்டியதாயிற்று. தண்ணீரும் மரமும் உள்ள இடங்கள் கப்பெல் பள்ளத்தாக்கில் இருந்தன. அவற்றை விட்டுவிட்டு, கோடையில் வற்றும் ஓடை ஒன்றைத் தவிர எதுவுமில்லாத எலும்புக் குவியலைத் தேர்ந்தெடுத்தவர் துணைநிலை ஆளுநர் எட்கர் டியூட்னி. பக்கத்தில் அவருக்குச் சொந்த நிலம் இருந்தது! அன்றைய பத்திரிகைகள் சும்மா விடவில்லை. ரயில் கம்பெனிக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. அவர் நிலத்துக்குக் கிழக்கே தள்ளி நிலையத்தைக் கட்டினார்கள். அவர் அரசு அலுவலகங்களை மேற்கே தன் பக்கம் இழுத்தார். கடைவீதி ஓரிடம், ஆளுநர் மாளிகை வேறிடம் என்று ஊர் பிறக்கும்போதே இழுபட்டுப் பிறந்தது. இன்றும் டியூட்னி அவென்யூவில் மேற்கு நோக்கிப் போனால் அந்த இழுபறியின் நீளத்தைக் கடக்கலாம். நிலம் வாங்கிப் போட்டுவிட்டுத் திட்டத்தை அந்தப் பக்கம் திருப்பும் கலை எந்தத் தேசத்துக்கும் புதிதில்லை.

இயற்கை ஒன்றும் கொடுக்காத இடத்தில் எல்லாவற்றையும் கையால் செய்ய வேண்டியிருந்தது. வஸ்கானா ஏரியின் கரையில் நடக்கும்போது இதை நம்புவது கடினம். நீர்ப்பரப்பில் கனடிய வாத்துகள் கூட்டங்கூட்டமாக இறங்குகின்றன, கரையெங்கும் எல்ம், ஸ்புரூஸ் மரங்கள். ஆனால் 1883இல் ஓடைக்குக் குறுக்கே அணை போட்டதால் வந்த ஏரி இது. 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் வேலையிழந்த இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் நிவாரண வேலையாக இதை மண்வெட்டியால் ஆழப்படுத்தினார்கள். வெட்டிய மண்ணைக் கொட்டிய இடங்கள் தீவுகளாயின. 2004 குளிர்காலத்தில், ஏரி உறைந்து கிடந்தபோது, இயந்திரங்களை இறக்கி இன்னொரு முறை தோண்டினார்கள். கரையில் உள்ள மரங்களில் ஒன்றுகூடத் தானாக முளைத்ததல்ல. நட்டு, தண்ணீர் ஊற்றி, குளிர்காற்றிலிருந்து காத்து வளர்த்தவை. 1962இல் வஸ்கானா பூங்கா அமைப்பு உருவானபோது மொத்தப் பரப்புக்கும் திட்டம் வரைந்தவர் மினோரு யமசாகி. நியூயார்க்கின் உலக வர்த்தக மையக் கோபுரங்களை வடிவமைத்த அதே ஆள்.

வஸ்கானா என்ற பெயரைக் கவனியுங்கள். ‘ஒஸ்கானா’தான் தேய்ந்து வஸ்கானா ஆனது. ஊர்ப் பெயரிலிருந்து துரத்திய எலும்பு, ஓடையின் பெயரிலும் ஏரியின் பெயரிலும் தங்கிவிட்டது. படகோட்டவும் கல்யாணப் படம் எடுக்கவும் மக்கள் வரும் இடத்துக்கு எலும்பு என்றுதான் பெயர். அதை யாரும் பொருட்படுத்துவதில்லை.

ஏரியின் தென்கரையில் சட்டமன்றக் கட்டடம். 1908இல் தொடங்கி 1912இல் முடித்தார்கள். மாகாணத்தின் முதலாவது முதல்வர் வால்டர் ஸ்காட் செங்கல் வேண்டாம், மனிட்டோபாவின் டிண்டல் கல்தான் வேண்டும் என்று நடுவழியில் மாற்றினாராம். அப்போது மாகாணத்தின் வயது மூன்று. மக்கள் புல்தரையை வெட்டி அடுக்கிய மண்வீடுகளில் குடியிருந்த காலத்தில் இவ்வளவு பெரிய செப்புக் குவிமாடம் எதற்கு என்று கேட்கத்தான் தோன்றுகிறது. மனிதர்கள் பெருகிக் கோடிகளாவார்கள் என்று ஸ்காட் நம்பினார். இன்றைக்கும் மாகாணம் முழுவதும் சேர்த்துப் பன்னிரண்டு லட்சம்பேர் சுற்றித்தான். எனக்கு அந்தக் கல் பிடித்திருந்தது. மங்கிய வெண்மையில், ஆதிகாலக் கடலில் வாழ்ந்த உயிரினங்களின் புதைபடிவங்கள் சுவரிலும் தூணிலும் வெளிப்படையாகத் தெரிகின்றன. வழிகாட்டிப் பெண் விரல் வைத்துக் காட்டினார். இந்த ஊருக்கு எலும்பை விட்டு விலக முடியவில்லை.

கட்டடம் திறப்பதற்குச் சில மாதம் முன், 1912 ஜூன் 30 ஞாயிறு மாலை, சுழற்காற்று ஏரியைக் கடந்து நகரின் நடுவே சில நிமிடங்களில் பாய்ந்து போனது. 28 பேர் இறந்தார்கள். கனடாவில் ஒரே சுழற்காற்று இத்தனை உயிரைக் கொண்டுபோனது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அடுத்தது குதிரைப்படைப் போலீஸ். ஆர்.சி.எம்.பி. என்ற கனடிய மத்தியக் காவல்படை. சிவப்புக் கோட்டும் அகலத் தொப்பியும் அணிந்த அந்தப் படைக்கு ஆள் எடுத்தால், நாட்டின் எந்த மூலையிலிருந்து வந்தாலும் ரிஜைனாவில் உள்ள ‘டெப்போ’வில்தான் பயிற்சி. 1920 வரை படையின் தலைமையகமும் இங்கேதான். நகரில் எஞ்சியுள்ள மிகப் பழைய கட்டடம் அந்த வளாகத்தின் சிற்றாலயம், 1883இல் கட்டியது. 1885 நவம்பர் 16 அன்று லூயி ரியேலை இந்தப் பாளையத்தில்தான் தூக்கிலிட்டார்கள்.

மேட்டி மக்களின் நில உரிமைக்காக எழுந்து, வடக்கே படோஷ் என்ற இடத்தில் தோற்றுச் சரணடைந்தவர் ரியேல். ராஜத்துரோக வழக்கு ரிஜைனாவில் நடந்தது. ஆறே பேர் கொண்ட ஜூரி, அத்தனை பேரும் ஆங்கிலம் பேசுகிறவர்கள். குற்றவாளி என்றார்கள், கருணை காட்டவும் பரிந்துரைத்தார்கள். பிரதமர் மெக்டொனால்ட் அந்தப் பரிந்துரையைக் கேட்கவில்லை. அந்த மரணத்தோடு ஊருக்கு இன்னும் கணக்கு தீரவில்லை. 1967 முதல் அந்த வழக்கை நாடகமாக நடத்தி வந்தார்கள். 1968இல் சட்டமன்ற வளாகத்தில் ரியேலுக்குச் சிலை வைத்தார்கள், மேலங்கியைத் தவிர உடை இல்லாத அந்த உருவம் தங்கள் தலைவருக்கு அவமானம் என்று மேட்டி மக்கள் சொன்னார்கள், 1991இல் எடுத்துவிட்டார்கள். 2021இல் விக்டோரியா பூங்காவிலிருந்த மெக்டொனால்ட் சிலையையும் எடுத்தார்கள். சட்டமன்றத்தின் முன் இப்போது யாரும் ஆட்சேபிக்காத ஒரு சிலை இருக்கிறது: ‘பர்மீஸ்’ என்ற குதிரையின் மேல் இரண்டாம் எலிசபெத். அந்தக் குதிரையை அவருக்குப் பரிசளித்தது இந்தப் போலீஸ் படைதான்.

இதுவரை சொன்னதெல்லாம் மேலிருந்து வந்த ரிஜைனா: இளவரசி, ஆளுநர், ரயில் கம்பெனி, போலீஸ். ஊரின் குணத்தை இவற்றில் தேடினால் கிடைக்காது என்பது என் எண்ணம்.

விவசாயிகளும் தொழிலாளர்களும் சேர்ந்து தொடங்கிய சி.சி.எஃப். கட்சி, கனடிய இடதுசாரிகளின் அடிப்படை ஆவணமான தன் கொள்கை அறிக்கையை 1933இல் இங்கேதான் நிறைவேற்றியது. ‘ரிஜைனா அறிக்கை’ என்றே அதற்குப் பெயர். 1935இல் நிவாரண முகாம்களின் கூலிக்கொடுமை தாங்காமல் வான்கூவரிலிருந்து சரக்கு ரயில்களின் கூரைமேல் ஏறி, ஒட்டாவாவில் நியாயம் கேட்கப் புறப்பட்ட இளைஞர்களை ரிஜைனாவில் மடக்கச் சொன்னார் பிரதமர் பென்னட். போலீஸ் பாளையம் இங்கே இருந்தது வசதி. ஊர்க்காரர்கள் அந்த இளைஞர்களுக்குச் சோறு போட்டார்கள். ஜூலை 1 அன்று மார்க்கெட் மைதானத்தில் நடந்த கூட்டத்தில் போலீஸ் புகுந்தது. இரவு வரை தெருச்சண்டை. ஒரு துப்பறியும் காவலர் அங்கேயே இறந்தார், அடிபட்ட போராட்டக்காரர் ஒருவர் பின்னர் ஆஸ்பத்திரியில் இறந்தார். அந்த ஆண்டு அக்டோபரில் பென்னட் தேர்தலில் தோற்றார். அதே 1935இல்தான் இங்கே விவசாயிகள் பங்குபோட்டு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை ஒன்றைத் தொடங்கினார்கள். கூட்டுறவுக்குச் சொந்தமான முதல் சுத்திகரிப்பு ஆலை அது, இன்றும் ஓடுகிறது.

1944இல் சி.சி.எஃப். ஆட்சிக்கு வந்தது. டாமி டக்ளஸ் பதினேழு ஆண்டு முதல்வர் நாற்காலியில் இருந்தார். அவர் திட்டமிட்ட, அனைவருக்குமான அரசு மருத்துவக் காப்பீட்டை அவருக்குப் பின் வந்த வுட்ரோ லாயிட் 1962 ஜூலை 1 அன்று அமலாக்கினார். அன்றே டாக்டர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சட்டமன்றத்தின் முன் பல்லாயிரம் பேர் திரளும் எதிர்ப்புக் கூட்டம் என்று அவர்களின் ஆதரவாளர்கள் அறிவித்தார்கள். சில ஆயிரம் பேர்தான் வந்தார்கள். இருபத்துமூன்று நாளில் வேலைநிறுத்தம் முடிந்தது. பின்னால் நாடு முழுவதும் பரவிய அந்த ஏற்பாட்டை இன்று கனடியர்கள் தங்கள் அடையாளமாகவே சொல்லிக்கொள்கிறார்கள். சென்னையிலிருந்து போய் டொராண்டோவில் பிரசவம் பார்த்துக்கொண்ட பெண்ணுக்கும் இந்தச் சின்ன ஊரோடு ஒரு கடன் உண்டு.

இப்படி ஒருவரையொருவர் தாங்கிக்கொள்ளும் பழக்கத்துக்குக் காரணம் மண்ணும் குளிரும் என்று நினைக்கிறேன். ‘கம்போ’ என்று இங்கே சொல்லும் களிமண், நம் கரிசலைப் போலவே நனைந்தால் செருப்பைப் பிடுங்கும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். வீடுகளின் அஸ்திவாரம் அசைந்துகொண்டே இருக்கிறது; சுவர் விரிசலைக் காட்டி, வெளியில் மழை எப்படி என்று சொல்லிவிடுகிறார்கள். 1885 புத்தாண்டு நாளில் மைனஸ் 50 டிகிரி பதிவான ஊர் இது. வாகன நிறுத்துமிடங்களில் மின்சார பிளக் இருக்கிறது. இரவெல்லாம் இன்ஜினைச் சூடாக வைத்திருக்காவிட்டால் காலையில் வண்டி கிளம்பாது. தெரு ஓரம் நின்றுபோன வண்டியைக் கடந்து போவது இங்கே பெரும் குற்றம்.

சாஸ்கட்டூன்காரரும் ரிஜைனாக்காரரும் ஒன்றுசேரும் இடம் ஒன்று உண்டு. சஸ்கச்சுவான் ரஃப்ரைடர்ஸ் என்ற கனடியன் ஃபுட்பால் அணி, 1910இல் ரிஜைனாவில் பிறந்தது. அதற்கும் முதலாளி கிடையாது. ரசிகர்கள் பங்கு வைத்திருக்கிறார்கள். ஆட்டநாளில் ஊர் முழுக்கப் பச்சை. தர்பூசணியைக் குடைந்து தலையில் கவிழ்த்துக்கொண்டு அரங்கத்துக்குப் போகிறார்கள், வெள்ளைத் தாடி வைத்த தாத்தாக்கள்கூட. நாங்கள் போனது ஆட்டநாள். இந்த ஊரில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்ட தம்பி, காரின் பின்சீட்டிலிருந்து பச்சை ‘பன்னி ஹக்’ ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டார். தலைமூடி வைத்த கனத்த சட்டைக்குச் சஸ்கச்சுவானில் மட்டும் வழங்கும் பெயர் அது. “டீம் வேற, ஊர் வேற அண்ணா!” என்றார்.

பெயரை மாற்ற வேண்டுமா? பல ஊர்களில் இந்தப் பேச்சு நடக்கிறது; இங்கே டியூட்னியின் பெயரிலிருந்த பூங்காவுக்கும் நீச்சல் குளத்துக்கும் ‘பஃபலோ மெடோஸ்’ என்று பெயர் மாற்றினார்கள். நகரின் மேற்கோரத்தில், 1891 முதல் 1910 வரை நடந்த பழங்குடிப் பிள்ளைகளுக்கான தொழிற்பள்ளியின் இடுகாடு இருக்கிறது. பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுவரப்பட்ட குழந்தைகள் பெயர்ப்பலகைகூட இல்லாமல் அங்கே கிடக்கிறார்கள். அதைப் பார்த்த பிறகு பெயர் ஒரு சின்ன விஷயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கிழக்கே, பல்கலைக்கழக வளாகத்தில், டக்ளஸ் கார்டினல் வடிவமைத்த கனடா முதற்குடிகள் பல்கலைக்கழகக் கட்டடத்தில் கிரீ மொழியில் பாடம் நடக்கிறது. அரசியின் பெயர் அப்படியே இருக்கட்டும். அதன் பக்கத்திலேயே, ஊர் எல்லைப் பலகையில், அதே அளவு எழுத்தில் ‘ஒஸ்கானா கா அசஸ்தேகி’யும் இருக்க வேண்டும். இரண்டில் எது நல்ல பெயர் என்று என்னைக் கேட்டால் எலும்புக் குவியல்தான். அந்தப் பெயரில் இந்த மண்ணில் வாழ்ந்தவர்களின் வேலை இருக்கிறது. மற்றதில், இங்கே ஒருநாளும் கால் வைக்காத ஓர் அம்மாளின் பட்டம் மட்டும்தான்.

போகிறவர்களுக்கு: ஜூன் முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். சட்டமன்றத்தைச் சுற்றிக் காட்டக் கட்டணம் இல்லை. தூண்களின் புதைபடிவங்களைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். டெப்போவின் அருங்காட்சியகத்துக்கு அரை நாள் வேண்டும். சஸ்கச்சுவானில் ஏறக்குறைய எங்கும் கடிகாரத்தைக் கோடைக்கும் குளிருக்கும் மாற்றுவதில்லை. பக்கத்து மாகாணத்திலிருந்து வருகிறவர்கள் விமான நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.